ஒறுத்தலும் அறமும்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டிப் போடிமெட்டில் நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர், பி.ஏ., பி.எட்., ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் ஒரே ஓர் அறையும் நான்கு பெஞ்சுகளுமாகத் தொடங்கிய நம் இரவுப் பாடசாலை, இன்று நூலகமும் மாணவர் விடுதியும் உடைய சங்கமாக வளர்ந்து நிற்கிறது. ஏலத்தோட்டத்து லயங்களில் பிறந்த பிள்ளைகள் இன்று ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் வந்து இம்மேடையின் முன் அமர்ந்திருக்கின்றனர். கல்வியைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். ஆயினும் கல்வி கற்ற மனிதன் எவ்வாறு சிந்திக்க வேண்டும் என்பதைக் காட்டும் ஒரு பொருளை எடுத்துக்கொள்ள அவர்களிடம் அனுமதி பெற்றேன்.

அதற்குக் காரணம் உண்டு. சில வாரங்களுக்கு முன் நம் நூலகத்தில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர், ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமையைப் பற்றிய செய்தியைப் படித்துவிட்டு, "இவனுக்கெல்லாம் கோர்ட்டு எதற்கு ஐயா? நடுத்தெருவில் நிறுத்திச் சுட்டுவிட வேண்டும்" என்றார். உடன் இருந்த அனைவரும் ஆமோதித்தனர். நான் மட்டும் மறுமொழி கூறாமல் எழுந்து வந்தேன். ஆசிரியனாகிய நான் அவ்வாறு வந்தது தவறு. அன்று சொல்லத் தவறியதை இன்று சொல்ல விழைகின்றேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகின்றேன். அந்த இளைஞரின் சினம் நியாயமானது. பெண்ணின் உடலையும் மானத்தையும் சிதைப்பவனைக் கண்டு சினம் கொள்ளாத சமுதாயம் உயிரற்ற சமுதாயம். கொலை செய்யும் கொடியவரை அரசன் ஒறுப்பது, பயிரைக் காக்கக் களை எடுப்பதற்கு ஒப்பாகும் என்று வள்ளுவர் பெருமான் கூறினார். களை எடுப்பதைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் சொல்ல வேண்டியதில்லை. இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்கள் ஏலக்காட்டில் நாள் முழுதும் குனிந்து களை எடுப்பவர்கள். கண்ணை மூடிக்கொண்டு கைக்கு வந்ததைப் பிடுங்கினால் களையோடு ஏலக் குருத்தும் போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரியும். எது களை, எது பயிர் என்று பார்த்தறிந்த பின்னரே கை இறங்க வேண்டும். அதே வள்ளுவர், குற்றத்தைத் தக்கவாறு ஆராய வேண்டும் என்றும், அக்குற்றம் மீண்டும் நிகழாவண்ணம் அதற்கு ஒத்த அளவில் ஒறுக்க வேண்டும் என்றும் வகுத்தார்.

ஆராயாமல் ஒறுத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழன் தொலைவில் சென்று சான்று தேட வேண்டியதில்லை. நம் மாவட்டத்தின் தென்மேற்கு எல்லையில், கூடலூருக்கு மேலே மலையுச்சியில் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கின்றது. சித்திரை முழுநிலவு நாளில் நம் மக்கள் ஜீப்பிலும் கால்நடையாகவும் ஏறிச் சென்று வழிபடுகின்றனர். அங்கே நாம் வணங்குவது யாரை? விசாரணையின்றிக் கொல்லப்பட்ட ஒருவனின் மனைவியை! ஒரு பொற்கொல்லனின் சொல்லை மட்டும் நம்பிப் பாண்டியன் ஆணையிட்டான், கோவலன் வெட்டுண்டான். உண்மை வெளிப்பட்டபோது மன்னன் உயிர்விட்டான். ஆனால் கோவலன் திரும்பி வரவில்லை.

இது பழங்கதை என்று எண்ணுவீர்களாயின், நம் மாவட்டத்திலேயே அண்மையில் முடிவுற்ற ஒரு வழக்கைச் சொல்கின்றேன். 2011-ஆம் ஆண்டு மே மாதம், சுருளி அருவிப் பகுதிக்குச் சென்ற இளம் ஆணும் பெண்ணும் கொடூரமாகக் கொல்லப்பட்டனர். அப்பெண் வன்கொடுமைக்கும் உள்ளாக்கப்பட்டிருந்தார். மாவட்டமே அதிர்ந்தது. ஒருவர் கைது செய்யப்பட்டார். 2018-இல் தேனி அமர்வு நீதிமன்றம் அவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2019-இல் உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. ஆனால் 2025 சூலை 15 அன்று உச்சநீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. மரபணுச் சோதனைக்கு எடுக்கப்பட்ட மாதிரிகள் ஆய்வகத்தைச் சேரும் வரை முறையாகப் பாதுகாக்கப்பட்டன என்பதற்கு ஆதாரம் இல்லை. சூழ்நிலைச் சான்றுகளின் சங்கிலியும் முழுமை பெறவில்லை என்று நீதிபதிகள் கண்டனர். இனி நாடு முழுவதும் அத்தகைய மாதிரிகளை எவ்வாறு கையாள வேண்டும் என்பதற்கும் நெறிமுறை வகுத்தனர்.

எண்ணிப் பாருங்கள் தோழர்களே! தூக்குக் கயிறு தலைக்கு மேல் தொங்க, ஏழாண்டுகளுக்கு மேல் ஒரு மனிதர் சிறையில் இருந்தார். மறுபுறம், மாண்ட இருவரின் பெற்றோருக்குப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் கிடைத்தது என்ன? தம் பிள்ளைகளைக் கொன்றவர் இன்னார் என்று எந்தத் தீர்ப்பும் இன்று அவர்களிடம் இல்லை. புலனாய்வு பழுதுபட்டால் குற்றம் சாட்டப்பட்டவர் மட்டுமா கெடுகிறார்? பாதிக்கப்பட்டவர்க்கும் நீதி இல்லாமற் போகிறது. 2011-இல் நடுத்தெருவில் சுட்டிருந்தால் இந்த உண்மையும் அன்றே புதைக்கப்பட்டிருக்கும். நாம் கைதட்டிவிட்டு வீடு திரும்பியிருப்போம்.

"வேறு எங்கேனும் சுட்டுக் காட்டினார்களே" என்று நீங்கள் கேட்கலாம். ஆம், 2019-ஆம் ஆண்டு ஐதராபாத்துக்கு அருகே ஒரு பெண் மருத்துவர் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். கைதான நால்வரை டிசம்பர் 6 அன்று காவல்துறையினர் சுட்டுக் கொன்றனர். மக்கள் காவலர்கள் மீது மலர் தூவினர். உச்சநீதிமன்றம் அமர்த்திய நீதிபதி சிர்புர்கர் ஆணையம் 2022-இல் அளித்த அறிக்கை என்ன கூறியது? அது திட்டமிட்டுச் சுட்ட சுடுதல் என்றது. நால்வரில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றும் கண்டது. அந்நால்வரும் ஏழைக் கூலிக் குடும்பத்தினர். பெரிய வீட்டுப் பிள்ளை ஒருவனை, அமைச்சரின் மகன் ஒருவனை, அவ்வாறு விடியற்காலையில் அழைத்துச் சென்று சுட்டதாக நீங்கள் எப்போதாவது படித்ததுண்டா? துப்பாக்கி ஆள் பார்த்துத்தான் சுடுகிறது என்பதை ஒடுக்கப்பட்டோராகிய நாம் மறக்கலாமா?

ஆள் பார்த்து ஒறுக்கும் வழக்கம் இந்நாட்டிற்குப் புதிதன்று. மனுவின் நூலைப் பாருங்கள். பெண் தொடர்பான ஒரே குற்றத்திற்கு, நான்காம் வருணத்தானுக்கு உறுப்பும் உடைமையும் உயிரும் பறிபோகும். முதல் வருணத்தானுக்கோ உயிர்த்தண்டனைக்கு ஈடாகத் தலைமயிரை மழித்தால் போதும்! குற்றம் ஒன்று, தட்டில் வைக்கும் படிக்கல் மட்டும் வேறு. வருணத்துக்கு ஒரு நீதி சொன்ன அந்த நூலைத்தான் அண்ணல் அம்பேத்கர் 1927 டிசம்பர் 25 அன்று மகாத் நகரில் எரியூட்டச் செய்தார்.

அந்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். நாற்பத்தொரு ஆண்டுகள் கழித்து, 1968-இல் அதே டிசம்பர் 25 அன்று, கீழவெண்மணியில் நம் மக்கள் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டனர். அவர்களுள் மிகப் பலர் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வு கேட்டதே அவர்கள் செய்த குற்றம். அமர்வு நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோர்க்குப் பத்தாண்டுக் கடுங்காவல் விதித்தது. 1973-இல் உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. செல்வமும் மதிப்பும் உள்ள மிராசுதாரர்கள் தாமே நடந்து சென்று தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப இயலவில்லை என்பது அத்தீர்ப்பின் போக்கு. அதே இரவில் மிராசுதாரர் தரப்பில் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் மட்டும் விவசாயத் தொழிலாளர்கள் தண்டனை பெற்றனர். மனுவின் படிக்கல் எரிந்து போகவில்லை என்பதை அன்று நாடு கண்டது.

பின்னர் என்ன நிகழ்ந்தது? 1980-இல் நாயுடு வெட்டிக் கொல்லப்பட்டார். அதனைக் கேட்டு நிறைவு கொண்டவர்களை நான் அறிவேன். என் இளமையில் நானும் நிறைவு கொண்டதுண்டு. ஆனால் இன்று கேட்டுப் பார்க்கின்றேன்: அந்த வெட்டினால் 44 பேரின் வழக்கில் ஒரு வரியேனும் திருத்தப்பட்டதா? ஏட்டில் இன்றளவும் விடுதலைத் தீர்ப்புத்தான் நிற்கின்றது. பழி தீர்ந்தது, நீதி எழுதப்படவில்லை. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதே நான் இன்று உங்களுக்குச் சொல்ல வந்த செய்தி.

நீதி எழுதப்பட்ட இடம் ஒன்றையும் சொல்கின்றேன். தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி. 1992 சூன் 20 அன்று சந்தனக் கட்டையைத் தேடுவதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையைச் சேர்ந்தவர்கள் அந்தப் பழங்குடி ஊருக்குள் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன. மக்கள் அடித்துச் சிறையில் அடைக்கப்பட்டனர். பதினெட்டுப் பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர். அரசு அதிகாரிகள் இவ்வாறு செய்வார்களா என்று தொடக்கத்தில் நம்ப மறுத்தனர் மேலிருந்தோர். ஆனால் அந்தப் பெண்கள் அரிவாளைத் தூக்கவில்லை; சாட்சிக் கூண்டில் ஏறினர். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சித் தோழர்களும் துணை நின்றனர். 1995-இல் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாறியது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அதற்குள் 54 பேர் இறந்து போயிருந்தனர். எஞ்சிய 215 பேருக்குத் தண்டனை கிடைத்தது. 2023-இல் அதே செப்டம்பர் 29 அன்று உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்து, அப்பெண்கள் ஒவ்வொருவர்க்கும் பத்து இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும், அன்றைய மாவட்ட உயர் அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்கவும் ஆணையிட்டது.

அந்த வழக்கில் யாரும் தூக்கிலிடப்படவில்லை. மிகுதியான தண்டனை பத்தாண்டுச் சிறை. ஆயினும் இந்நாட்டின் அதிகாரத்தை அதைவிடக் கலங்கச் செய்த தூக்குத் தண்டனை எதனையும் நான் அறியேன். சீருடை அணிந்தவன் தப்ப முடியாது என்று அது சொன்னது. பழங்குடிப் பெண்ணின் சொல் அதிகாரியின் சொல்லைவிடத் தாழ்ந்ததன்று என்று சொன்னது. முப்பத்தொரு ஆண்டுகள் பிடித்தனவே என்பீர்கள். அந்தத் தாமதம் ஓர் அநீதிதான். அதனை நான் மறைக்கவில்லை. அந்தத் தாமதத்தைக் குறைக்கப் போராடுவோம். தாமதத்திற்கு மருந்து விரைவான விசாரணையே அன்றி, விசாரணையின்மை அன்று.

தூக்குத் தண்டனையைக் கூட்டினால் குற்றம் குறையும் என்பாரும் உளர். 2012 டிசம்பரில் தில்லியில் ஒரு மாணவி பேருந்தில் சிதைக்கப்பட்ட பின்னர் அமைக்கப்பட்ட நீதிபதி வர்மா குழு, வன்புணர்வுக்குத் தூக்குத் தண்டனை வேண்டா என்றே 2013 சனவரியில் பரிந்துரைத்தது. ஏன்? பெரும்பாலான வழக்குகளில் தீங்கிழைப்பவன் அயலான் அல்லன். உறவினன், அண்டை வீட்டான், வேலை கொடுப்பவன் என்றே அரசின் புள்ளிவிவரங்கள் ஆண்டுதோறும் கூறுகின்றன. மாமனையோ சித்தப்பனையோ தூக்கிலிடுவார்கள் என்றால் எத்தனை வீடுகளில் குழந்தையின் வாயைப் பொத்துவார்கள்! மேலும், தில்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மரண தண்டனைக் கைதிகளில் நான்கில் ஏறக்குறைய மூவர் வறியவர். 1949 சூன் மாதம் அரசியல் நிர்ணய சபையில் இப்பொருள் வந்தபோது, மரண தண்டனையையே ஒழிப்பதைத் தாம் ஆதரிப்பதாக அண்ணல் அம்பேத்கர் கூறினார். இந்நாட்டின் கொடுமையை அவரைவிட அனுபவித்தவர் யார்? அவரே அவ்வாறு கூறினார் எனில், நாம் ஒருகணம் நின்று சிந்திக்க வேண்டாமா?

செயலை ஒறுக்கலாம், பிறப்பை ஒறுக்கலாகாது. இதற்கும் நம் பகுதியிலேயே சான்றுண்டு. வெள்ளையர் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம், நம் அண்டைச் சமூகமாகிய பிரமலைக் கள்ளர்களைப் பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்தியது. கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3 அன்று சுடப்பட்டனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947-இல் ஒழிந்தது. அவர்களுக்கும் நமக்கும் இடையே கசப்புகள் உண்டு. இம்மேடையில் அதை மறைப்பது பொய்யாகும். ஆயினும் ஒருவன் செய்த குற்றத்தை அவன் சாதியின் தலையில் ஏற்றும் கொடுமையை அவர்களும் அறிவர், நாமும் அறிவோம். அக்கொடுமையை நாம் எவர்க்கும் செய்யலாகாது. என் வகுப்பில் "கொலைகாரன் மகன்" என்று ஒரு சிறுவனை மற்றவர்கள் அழைத்தபோது, நான் அன்றைய பாடத்தை நிறுத்திவிட்டு இதனைத்தான் சொல்லிக் கொடுத்தேன்.

இதுவரை பிறரைப் பற்றிப் பேசினேன். இனி என்னைப் பற்றிப் பேச வேண்டும். இதைச் சொல்லாமல் முடித்தால் இவ்வுரை வெறும் உபதேசமாகிவிடும்.

2003-ஆம் ஆண்டு. நான் அப்போது உதவி ஆசிரியன். என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்த பதினான்கு வயது மாணவி ஒருத்தி திடீரெனப் பள்ளிக்கு வருவதை நிறுத்தினாள். நன்றாகப் படிக்கும் பெண். விடுமுறை நாளில் தாயுடன் ஏலக்காய் எடுக்கச் சென்ற இடத்தில் அவளுக்குத் தீங்கு இழைக்கப்பட்டிருந்தது. இழைத்தவன் மேல்சாதிக்காரன் அல்லன். நம் தெருவைச் சேர்ந்தவன். ஊர்ப் பெரியவர்கள் கூடினர். படித்தவன் என்ற முறையில் என்னையும் அழைத்தனர். "காவல் நிலையத்திற்குப் போனால் நம் சமுதாயத்திற்கே அவப்பெயர், பெண்ணின் வாழ்வும் கெடும்" என்றனர். பத்தாயிரம் ரூபாய் அபராதம் என்று முடிவாயிற்று. அந்தப் பணம் அவள் கைக்குப் போகவில்லை. கோயில் கணக்கில் சேர்ந்தது. அந்த ஆண்டுத் திருவிழாவில் சோறாகப் பரிமாறப்பட்டது. அந்தப் பந்தியில் நானும் அமர்ந்து உண்டேன்.

நடுத்தெருவில் சுடச் சொல்லும் கூட்டமும், திண்ணையில் அமர்ந்து மூடி மறைக்கும் கூட்டமும் வெவ்வேறு என்று நீண்டகாலம் எண்ணியிருந்தேன். அவ்வாறு அன்று. இரண்டுமே உண்மையைக் கேட்க மறுப்பவை. இரண்டுமே தம் மானத்தைத்தான் காக்கின்றன. பாதிக்கப்பட்டவளை ஒருவரும் ஒரு சொல்லும் கேட்பதில்லை. அயலான் செய்தால் "சுடு", நம்மவன் செய்தால் "மூடு" என்பது மனுவின் படிக்கல்லை நாமே கையில் எடுப்பதாகும்.

ஆகவே, இளைஞர்களே, சங்கத்தின் இருபத்தாறாம் ஆண்டுக்கு நான் சில கடமைகளை முன்வைக்கின்றேன். பாலியல் தீங்கு எதனையும் எந்தப் பஞ்சாயத்தும் பேசித் தீர்க்கலாகாது என்று சங்கம் தீர்மானம் இயற்ற வேண்டும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு நேர்ந்த தீங்கை அறிந்தவர் அதனைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைப்பது குற்றம். 1098 என்ற எண்ணைப் பிள்ளைகள் அனைவரும் மனப்பாடம் செய்யட்டும். சம்பவம் எங்கு நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் பதியலாம். காலையில் ஜீப்பேறி எல்லை தாண்டிக் கேரளத் தோட்டங்களுக்குச் செல்லும் நம் பெண்களுக்கு இது மிகவும் தேவையான செய்தி. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும், அதன்கீழ் பாதிக்கப்பட்டவர்க்கும் சாட்சிக்கும் உள்ள உரிமைகளையும் இளைஞர்கள் கற்றுணர வேண்டும். பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் பெண்களுக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. நம் பிள்ளைகளில் சிலரேனும் வழக்கறிஞர்களாகவும், தடய அறிவியல் வல்லுநர்களாகவும் வர வேண்டும். சுருளி வழக்கு கெட்டது சினம் குறைந்ததால் அன்று, வேலை பழுதுபட்டதால்.

சாட்சி சொல்ல அஞ்சுபவரோடு நீதிமன்றம் வரை நடந்து செல்லுங்கள். தண்டனை முடிந்து வருபவன் திருந்தி உழைக்க விரும்பினால் அவனுக்கு வழி விடுங்கள். ஆனால் அவன் செய்ததைச் செய்யவில்லை என்று ஒருபோதும் சொல்லாதீர்கள்.

இறுதியாக ஒன்று. அந்த மாணவி அதன்பின் பள்ளிக்கு வரவே இல்லை. இன்று அவர் ஏலக்காட்டுத் தொழிலாளி. சென்ற ஆண்டு சூன் மாதம் தம் மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க என் அறைக்கு வந்தார். படிவத்தில் கையெழுத்திட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்க இயலாமல் குனிந்திருந்தேன். புறப்படும்போது அவர் கேட்டார்: "இவளுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, இந்தத் தடவை எழுதிக் குடுப்பீங்களா சார்?"

எழுதிக் கொடுப்பேன் என்றேன். அவர் நம்பினாரா என்பதை நான் அறியேன். தலையை மட்டும் அசைத்துவிட்டு வேலைக்குப் போகும் ஜீப்பைப் பிடிக்க விரைந்தார். அந்த வாக்கை நான் உங்கள் அனைவர் முன்னிலையிலும் மீண்டும் ஒருமுறை அளிக்கின்றேன். என்னோடு நீங்களும் அளியுங்கள் என்று வேண்டுகின்றேன்.